மயிலாப்பூர் கோயிலில் எது பழசு?

மயிலாப்பூருக்கு முதல்முறை வருபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஏமாறுகிறார்கள். கிழக்குப் பக்கம் வானளாவ நிற்கும் ராஜகோபுரத்தைப் பார்த்ததும், அதுதான் முன்வாசல், உள்ளே நுழைந்தால் நேரே கொடிமரம், நந்தி, அப்புறம் கபாலீஸ்வரர் என்று கணக்குப் போட்டுக்கொண்டு செருப்பைக் கழற்றுகிறார்கள். உள்ளே போனால் நர்த்தன விநாயகர் இருக்கிறார். கொடிமரம் இல்லை, நந்தி இல்லை. எதிரே தெரிவது கருவறையின் பின்புறம்.

நானும் முதல்முறை அப்படித்தான் முழித்தேன். வாசலில் பூ வாங்கிய அம்மாவிடமே திரும்ப வந்து கேட்டேன். கை கட்டிக்கொண்டிருந்த சரத்தை நிறுத்தவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை. "உள்ள போய் இடது கை பக்கமா சுத்திக்கினு போங்க சார், சாமி அந்தாண்ட பாத்துனு கீறாரு" என்றார். ஒரு நாளைக்கு எத்தனை பேர் கேட்பார்களோ.

சாமி அந்தாண்டதான் பார்க்கிறார். மேற்குப் பார்த்த சந்நிதி இது. கொடிமரமும் நந்தி மண்டபமும் தெப்பக்குளமும் மேற்கில் இருக்கின்றன, அந்தப் பக்கக் கோபுரமோ சிறியது. சுமார் 120 அடி உயரமுள்ள பெரிய கோபுரம் 1906ஆம் ஆண்டு எழுந்தது. அதாவது சென்னை என்றதும் படத்தில் போடும் அந்தக் கோபுரம், பழைய மயிலையின் கணக்கில் நேற்று வந்த பிள்ளை. போதாக்குறைக்கு அதிலிருக்கும் உருவங்கள் சுதை வேலை, கருங்கல் இல்லை. வெயிலும் மழையும் கடற்காற்றும் தின்றுவிடும், குடமுழுக்குக்குக் குடமுழுக்கு பழுது பார்த்து வண்ணம் அடித்துத்தான் ஆகவேண்டும். கடைசியாக 2016 ஏப்ரலில் நடந்தது. "இவ்வளவு பழைய கோயிலுக்குப் பளபளவென்று பெயின்ட் அடித்துக் கெடுத்துவிட்டார்களே" என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்ணங்களைப் பற்றி எனக்கும் மனத்தாங்கல் உண்டு, ஆனால் சுதையை அடிக்கடி புதுப்பிப்பது அதன் இயல்பிலேயே இருக்கிறது.

சரி, கோபுரம் புதுசு. கோயில்?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இந்தத் தலத்தைப் பாடியிருக்கிறார், இரண்டாம் திருமுறையில் இருக்கிறது. அதனால் 1,300 ஆண்டுப் பழமை என்று பலகைகளில் எழுதுகிறார்கள். ஆனால் இப்போது நாம் வலம் வருகிற இந்தக் கட்டடம் ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பதுதான் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணிப்பு. நடுவே ஆயிரம் ஆண்டு எங்கே போனது?

சம்பந்தரின் பாட்டிலேயே துப்பு இருக்கிறது. "மட்டிட்ட புன்னையங் கானல் மடமயிலை" என்று தொடங்குகிறார். கானல் என்றால் கடற்கரைச் சோலை. இன்னொரு பாட்டில் "ஊர்திரை வேலை உலாவும் உயர்மயிலை" என்கிறார், ஊர்ந்து வரும் அலை உலாவுகிற இடம். பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதரும் மயிலையைக் கடலலைக்குப் பக்கத்தில் வைத்தே பாடுகிறார். இப்போதைய கோயில் வாசலில் நின்றால் அலை ஓசை கேட்காது. பேருந்து ஓசை கேட்கும். கடலுக்குப் போக கிழக்கே இருபது நிமிடம் நடக்க வேண்டும், நடந்தால் சாந்தோம் வரும்.

போர்த்துகீசியர் மயிலாப்பூர்க் கடற்கரையில் வந்து அமர்ந்தது பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். புனித தோமாவின் கல்லறை இங்கேதான் என்ற நம்பிக்கையில் அங்கே தேவாலயம் எழுப்பி, சான் தோமே என்ற குடியிருப்பை வளர்த்தார்கள். கடற்கரையில் இருந்த பழைய கபாலீச்சரம் அவர்கள் காலத்தில் இடிக்கப்பட்டது, கற்கள் வேறு கட்டடங்களுக்குப் போயின என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. கடல் அரிப்பும் சேர்ந்துகொண்டது என்று சொல்பவர்களும் உண்டு. எது எத்தனை பங்கு என்று இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அந்த வாதம் பல நேரம் வரலாற்றைவிட்டு வேறு எங்கோ போய்விடுகிறது. கையில் இருக்கிற சான்று உடைந்த கற்கள். சாந்தோம் தேவாலய வளாகத்தில் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இப்போதைய கோயிலிலும் முன்பின் இல்லாத துண்டுக் கல்வெட்டுகள் உண்டு. ஒரு வாக்கியத்தின் நடுப்பகுதி மட்டும் ஒரு கல்லில் இருந்தால், அந்தக் கல் வேறு எங்கோ இருந்து பெயர்ந்து வந்தது என்று புரிந்துகொள்ள கல்வெட்டுப் படிப்பெல்லாம் தேவையில்லை.

இதில் எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படுவது ஒன்று. சாந்தோமில் இப்போது நிற்கும் வெள்ளைத் தேவாலயம் ஆங்கிலேயர் காலத்தில், 1896இல் கட்டி முடித்தது. மயிலாப்பூர் ராஜகோபுரம் 1906. பழமைக்காக ஜனங்கள் தேடி வருகிற இரண்டு இடங்களிலும் கண்ணில் முதலில் படுவது பத்தே ஆண்டு இடைவெளியில் எழுந்த கட்டடம்.

அப்படியானால் 1,300 ஆண்டு என்பது பொய்யா? கல்லை மட்டும் கணக்கில் எடுத்தால் ஆம், பொய்தான். ஆனால் சம்பந்தர் பாடியது கல்லைப் பற்றியே இல்லை என்பதைக் கவனித்தீர்களென்றால் கதை வேறு மாதிரி ஆகிறது.

அந்தப் பதிகத்தின் பின்னணி பெரும்பாலோருக்குத் தெரிந்ததுதான். மயிலையில் சிவநேசர் என்ற வணிகர், அவர் மகள் பூம்பாவை. பாம்பு கடித்து இறந்துபோகிறாள். சம்பந்தருக்கு என்று மனத்தில் நினைத்து வளர்த்த பெண் என்பதால் சாம்பலையும் எலும்பையும் ஒரு குடத்தில் இட்டு வைத்திருக்கிறார் தந்தை. சம்பந்தர் வந்து பாட, அவள் எழுந்து வருகிறாள். பெரிய புராணம் இதை விரிவாகச் சொல்கிறது. நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. எனக்கு வியப்பு, செத்துப்போன ஒரு பெண்ணை எழுப்ப அவர் எடுத்துவைக்கும் வாதம். சொர்க்கம், மோட்சம், பிறவிப் பயன் எதுவும் பேசவில்லை. ஊர்த் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதைப் பார்க்காமலா போகிறாய், இதையும் பார்க்காமலா போகிறாய் என்று கேட்கிறார். "காணாதே போதியோ பூம்பாவாய்". பத்துப் பாட்டும் இதே கேள்வி.

முதல் பாட்டில் அடியார்களுக்குச் சோறு போடுவது. பிறகு ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி, பொன்னூஞ்சல், கடைசியாகப் பெருஞ்சாந்தி. இது அப்பட்டமான காலண்டர். ஐப்பசியில் ஆரம்பித்து பங்குனி வரை மாத வரிசைப்படியே போகிறது. மயிலாப்பூரைப் பற்றி நம் கையில் இருப்பதிலேயே பழைய விழாப் பட்டியல் இதுதான்.

இந்தக் காலண்டரில் பெரும்பகுதி இன்னும் நடக்கிறது. தைப்பூசத்தை ஒட்டி மூன்று இரவு தெப்பம். பங்குனியில் பத்து நாள் பெருவிழா. கோயில் கடற்கரையில் இருந்தது, இடிந்தது, உள்ளே வந்தது, திரும்பக் கட்டினார்கள், கோபுரம் வைத்தார்கள். அதற்கெல்லாம் நடுவில் தைப்பூசம் மட்டும் தைப்பூசத்தன்று வந்துகொண்டே இருந்திருக்கிறது. மயிலாப்பூரில் எது பழசு என்று கேட்டால் என் பதில் இதுதான்: கட்டடத்தைவிட விழா பழசு. கார்த்திகை விளக்கீட்டைச் சொல்லும்போது சம்பந்தரே "தொல் கார்த்திகை" என்கிறார். அவருக்கே அது பழைய விழா!

அதே பாட்டில் இன்னொரு சொல்லும் இருக்கிறது, அவசரத்தில் படிப்பவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். "மாமயிலை வண்மறுகில்" என்கிறார். மறுகு என்றால் தெரு. விளக்கு வரிசை எரிந்தது தெருவில். வளையல் அணிந்த பெண்கள் அங்கே கொண்டாடுகிறார்கள். கோயிலும் தெருவும் தனித்தனி என்ற எண்ணம் அந்தப் பாட்டில் இல்லவே இல்லை.

அதனால்தான் மயிலாப்பூர் போகிறவர்களிடம் நான் சொல்வது, நேரே கோயிலுக்குள் நுழையாதீர்கள், முதலில் மாட வீதிகளைச் சுற்றி வாருங்கள் என்று. வடக்கு, தெற்கு, கிழக்கு மாட வீதிகள் பெயரோடு இருக்கின்றன. மேற்கே தெப்பக்குளத்தை ஒட்டிப் போகும் ராமகிருஷ்ண மடம் சாலைதான் நான்காவது, பெயர் மாறிப்போய்ப் பேருந்து ஓடுவதால் அதுவும் மாட வீதி என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. சாமி புறப்பாடு இந்த நான்கிலும்தான். இவை கோயிலின் வெளிப் பிரகாரம், நடுவே ஆட்டோவும் காய்கறிக் கடையும் மளிகையும் பாத்திரக் கடையும் இருக்கிற பிரகாரம். தேர் திரும்ப வேண்டும் என்பதற்காக முனைகள் விரிவாக இருக்கும் கோயில் ஊர்களைப் பார்த்திருப்பீர்கள். தெருவின் அகலத்தைத் தீர்மானித்தது தேரின் அகலம்.

நடைபாதையைப் பார்த்தே மாதம் சொல்லிவிடலாம் இங்கே. வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைகள் வரிசை கட்டினால் நவராத்திரி நெருங்குகிறது. களிமண் பிள்ளையாரும் வண்ணக் காகிதக் குடையும் என்றால் ஆவணி. அகல் விளக்குகள் குவிந்தால் கார்த்திகை, மஞ்சள் கொத்தும் கரும்பும் என்றால் தை. சென்ற கார்த்திகையில் ஒரு பாட்டி நடைபாதையில் சாக்கு விரித்து அகல் விற்றுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் எடுத்து விரல் கணுவால் ஒரு தட்டு தட்டுவார், 'ணங்' என்று கேட்டால் வலப்பக்கம், சத்தம் மழுங்கினால் இடப்பக்கம். இடப்பக்கம் இருப்பது கீறல் விட்டது, எண்ணெய் கசியும். அதையும் விற்கிறார், பாதி விலைக்கு, "கோலத்துல வெச்சிக்க, ஒரு நாளைக்குத் தாங்கும்" என்று உண்மையைச் சொல்லியே. நான் அந்தப் பக்கத்திலிருந்தே பன்னிரண்டு வாங்கினேன், உண்மையிலேயே ஒரு நாள் தாங்கியது.

தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்குவோர் நடுவே வெள்ளீஸ்வரர் கோயில் இருக்கிறது. மயிலாப்பூரின் ஏழு சிவத்தலங்கள் என்று சொல்வார்களே, அதில் ஒன்று. காரணீஸ்வரர், வாலீஸ்வரர், விருபாட்சீஸ்வரர், மல்லீஸ்வரர் எல்லாம் அக்கம்பக்கத்தில்தான். பேயாழ்வார் பிறந்த ஊரும் இதுதான் என்பதால் பெருமாள் கோயில்களுக்கும் பஞ்சம் இல்லை, முண்டகக்கண்ணி அம்மனுக்கு வரும் கூட்டம் தனி. கபாலியை மட்டும் பார்த்துவிட்டு மயிலாப்பூர் பார்த்தாயிற்று என்பவர்களிடம் சண்டை போடவேண்டாம், ஆனால் பரிதாபப்படலாம்.

இனி உள்ளே. பூக்கார அம்மா சொன்னபடி இடது கைப் பக்கமாகச் சுற்றுங்கள், அப்போதுதான் கருவறை வலப்பக்கம் வரும், வலம் வந்த மாதிரியும் ஆகும். தெற்குப் பக்கமாக நடந்து மேற்கே திரும்பியதும்தான் கோயிலின் முகம் தெரியும்: கொடிமரம், நந்தி, அதன் பின்னால் மேற்கு வாசல், வாசலுக்கு அப்பால் குளம். பிரதோஷ வேளையில் இந்த இடத்தில் நிற்கக்கூட முடியாது. கூட்டம் பிடிக்காதவர்கள் அன்று தவிர்ப்பது நல்லது. கற்பகாம்பாள் தெற்குப் பார்த்து நிற்கிறாள். ஊரில் பலருக்கு அவள்தான் முதல், கபாலி அப்புறம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், மாலை நான்கு மணி வாக்கில்தான் திறப்பு. தூரத்திலிருந்து வருபவர்கள் பன்னிரண்டு மணிக்கு வந்து நின்று அலுத்துக்கொள்வதை வாரம் தவறாமல் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்த இடம் இதெல்லாம் இல்லை, பிரகாரத்தில் இருக்கும் புன்னை மரம். தலவிருட்சம். பார்வதி மயில் உருவில் சிவனைப் பூசித்தது புன்னையடியில் என்பது தலபுராணம், அதனால்தான் ஊருக்கு மயிலை என்று பெயர் என்பார்கள். மரத்தடியில் அந்தக் காட்சிக்கு ஒரு சிறு சந்நிதி உண்டு. மக்கள் கும்பிட்டு நகர்கிறார்கள். மரத்தை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் ஐந்திணை படித்தவர்கள் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்: புன்னை எந்தத் திணை மரம்? நெய்தல். கடலும் கடல் சார்ந்த இடமும். மணலில், உப்புக் காற்றில் வளர்கிற மரம். கடற்கரைக் கோயிலில் கானலாக இருந்தது, கோயில் உள்ளே வந்தபோது தலவிருட்சமாகக் கூடவே வந்திருக்கிறது. கல்வெட்டுகளைவிட இந்த மரம் தெளிவாகப் பேசுகிறது என்று எனக்குத் தோன்றும்.

பங்குனிப் பெருவிழாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. மூன்றாம் நாள் அதிகார நந்தி, ஐந்தாம் நாள் நள்ளிரவில் ரிஷப வாகனம், ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்து மூவர். சென்னைக்காரர்களிடம் மயிலாப்பூர்த் திருவிழா என்று சொன்னாலே அந்த எட்டாம் நாள்தான். அறுபத்து மூன்று நாயன்மார்களின் சிறு செப்புத் திருமேனிகள், பல்லக்குக்குச் சிலராகப் பிரித்து, கை கூப்பியபடி கபாலியோடு வலம் வருகிறார்கள். மயிலையிலேயே பிறந்த வாயிலார் நாயனாரும் அதில் ஒருவர். மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிப் பூசித்தவர் அவர், கூட்டத்தில் இப்படித் தெருத்தெருவாகப் போவது அவருக்குப் பிடிக்குமா என்று நான் யோசித்ததுண்டு.

கவனியுங்கள், சம்பந்தரின் பட்டியலில் அறுபத்து மூவர் விழா இல்லை. இருக்கவும் முடியாது. அறுபத்து மூவர் என்ற வரிசைக்கே மூலம் சுந்தரரின் திருத்தொண்டத்தொகை, அது சம்பந்தருக்குப் பிற்பட்டது. வரலாறுகளாக விரித்து எழுதிய சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டு. சம்பந்தரே அந்த அறுபத்து மூவரில் ஒருவர், அவர் எப்படி அந்த விழாவைப் பார்த்துப் பாடுவார்? அதாவது ஊரின் ஆகப் பெரிய விழா பழைய காலண்டரில் இல்லை, பின்னால் வந்து பங்குனி உத்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. மறுபக்கம், ஐப்பசி ஓணம் என்று அவர் பாடியது நம் நினைவிலிருந்தே நழுவிவிட்டது, இன்று ஓணம் என்றால் கேரளம்தான் எல்லோருக்கும். காலண்டர் பழசு என்றேனே தவிர, மாறாதது என்று சொல்லவில்லை.

அறுபத்து மூவர் அன்று காலையில் பூம்பாவையை உயிர்ப்பித்த நிகழ்ச்சியையும் குளக்கரையில் நடத்துகிறார்கள், சம்பந்தரின் பதிகத்தைப் பாடித்தான். மாலையில் தெரு முழுக்கச் சோறு. வீட்டு வாசலில், கடை வாசலில், லாரியில், சும்மா ஒரு மேசை போட்டு, நீர்மோர், பானகம், புளியோதரை, சர்க்கரைப் பொங்கல் என்று கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். வேண்டாம் என்றால் விடமாட்டார்கள். ஒரு முறை பத்து வயதுப் பையன் ஒருவன் வழியை மறித்து, என் கையில் ஏற்கெனவே இரண்டு தொன்னை இருப்பதைப் பார்த்தும், மூன்றாவதாகக் கேசரியை மேலே வைத்து "புடிங்க அங்கிள், தீந்துட்டா எங்கப்பா வீட்டுக்கு விட்ருவாரு" என்றான். சம்பந்தரின் முதல் பாட்டு என்ன சொல்கிறது? "உருத்திர பல்கணத்தார்க்கு அட்டிட்டல்". சோறு சமைத்துப் போடுவதைப் பார்க்காமலா போகிறாய். பத்துக் காரணங்களில் முதல் காரணமே சாப்பாடு.

போவதென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், விழா இல்லாத நாளிலும். மெட்ரோ வேலை ஒருபக்கம், இருக்கிற நெரிசல் ஒருபக்கம். 1997இலிருந்து பறக்கும் ரயில் திருமயிலைக்கு வருகிறது, இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

முடிந்தால் மாசி மகத்தன்று போங்கள். பங்குனிக் கூட்டத்தில் பாதிகூட இருக்காது. "மடலார்ந்த தெங்கின் மயிலையார் மாசிக் கடலாட்டு" என்று சம்பந்தர் பாடிய அதே விழா, அன்று கபாலி கோயிலைவிட்டுக் கடலுக்குப் போகிறார். சம்பந்தர் காலத்தில் கோயிலே கரையில் இருந்ததால் பக்கத்தில்தான் போயிருப்பார், இப்போது வீதிகளைக் கடந்து கிழக்கே தூக்கிக்கொண்டு போகிறார்கள். மெரினா மணலில் கால் புதையப் புதைய சீர்பாதம் தாங்கிகள் நடப்பார்கள், நாகஸ்வரக்காரர் காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று வாசிப்பார், சுண்டல் விற்கும் பையன்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுவார்கள். தீர்த்தவாரி முடிந்ததும், அலையில் நனைந்த வேட்டிகளோடு, சாமியை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் திரும்புவார்கள்.